பவர் பிளே இரகசியத்தை விற்றது யார்?

ஹீட்டர் உயிரை விட்ட இந்த மெல்பேர்ன் நோபல் பார்க் மண்டபத்திலும் விறைக்காமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர், அண்ணன் ராஜரத்தினம் அவர்களே! பிள்ளைகளின் ஆட்டம் பார்க்கப் பனித்தரை ஓரத்தில் நின்று நின்று பல்லுக் கிட்டிப்போன தாய்மாரே! விதி ஒன்றும் விளங்காவிட்டாலும் நடுவரை ஏசும் உரிமையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத பெரியோரே! தோளோடு தோள் நின்று தொண்டை கிழியக் கத்தும் தமிழ்நாட்டுச் சொந்தங்களே! தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் தந்து, ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே தராத எங்கள் வீட்டு இளவரசர்களே, இளவரசிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சிவபாலன் சிரம் தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்.

கை தட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் எதற்காகத் தட்டுகிறீர்கள்? தொடங்கச் சொல்லியா, இத்தோடு முடிக்கச் சொல்லியா? எனக்கு அதிலும் சந்தேகம்! பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் மன்னித்துப் பிரிந்தவர்கள். படித்தவனுக்கு அறிவு துணை. என்னைப் போன்றவனுக்குச் சந்தேகம்தான் துணை. பால் வாங்கினால் போத்தலில் திகதியைப் பார்ப்பேன். பிறகு அந்தத் திகதியைப் போட்டவனையே சந்தேகிப்பேன். "அப்பா, யூ நீட் ஹெல்ப்" என்பாள் என் மகள் தாட்சாயினி. அவள் உதவி செய்யத்தான் சொல்கிறாளா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு.

அந்தத் தாட்சாயினி ஆடும், பெடியன்களும் பெண் பிள்ளைகளும் கலந்த கல்லூரி ஐஸ் ஹொக்கி அணிக்கு வருகிற சனிக்கிழமை இறுதியாட்டம். அதற்கு முன்னர் இந்தச் சபை கை உயர்த்தி முடிவு செய்யப்போவது ஒன்றே ஒன்று. அதே அணியில் ஆடும் நமது அனுஷனைப் பவர் பிளேயில் மீண்டும் இறக்கக் கோச் நினைக்கிறார்; வேண்டாம் என்று அவரிடம் நாம் போய்க் கேட்பதா, இல்லையா?

பவர் பிளே என்றால் என்ன? புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். எதிரணி ஆள் தப்பாட்டம் ஆடினால், இரண்டு நிமிடம் அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்த்தி விடுவார்கள். அந்த இரண்டு நிமிடமும் நாம் ஐந்து பேர், அவர்கள் நான்கு பேர். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு நம் கையில். அப்போது என்ன செய்ய வேண்டும்? அடிக்க வேண்டுமா, அலைக்கழிக்க வேண்டுமா? பாய வேண்டுமா, பதுங்க வேண்டுமா? இந்தக் கேள்வியில்தானே நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம்!

"கெடைச்சா ஒடனே அடிக்கணும் சார்!" இது தம்பி பார்த்தசாரதியின் கட்சி. ஐடிக்காரர். லாப்டொப்பில் அம்புக்குறி போட்டே ஆளை அசத்துவார். "பொறு தம்பி, சுத்தவிட்டு, அவங்களைக் களைக்க வைச்சு அடிக்கவேணும்." இது என் கட்சி. என் தகுதி என்ன என்று கேட்கிறீர்களா? பனித்தரையில் நான் ஏறியது ஒரே ஒரு முறை. நின்றேன் என்று சொல்லமாட்டேன். ஏறினேன். அவ்வளவுதான்.

பிள்ளைகளிடம் கேட்டறிந்த திட்டங்களை அலசி அலசி, இந்த விவாதத்தை நாம் எங்கே நடத்தினோம்? வீட்டிலா? வட்ஸ்அப்பிலா? எதிரணிக் கோலுக்கு நேர் பின்னால், கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று நடத்தினோம்! இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறினால், தேநீர்ப் போத்தலும் போர்வையுமாக நாமும் பக்கம் மாறினோம். கோல் விழுவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டுமல்லவா!

கோல் விழுந்ததா? விழுந்தது. எல்லா அணிக்கும் எதிராக விழுந்தது. ஒரே ஒரு கல்லூரிக்கு எதிராக மட்டும் விழவே இல்லை. அவர்களோடுதான் சனிக்கிழமை இறுதியாட்டம். அவர்களுடைய கோல் காப்பாளர், முகமூடியும் கவசமும் மூடிய அந்த உருவம், நாம் வலப்பக்கம் கொடுக்குமுன் வலப்பக்கம் நின்றது. இடப்பக்கம் கொடுக்குமுன் இடப்பக்கம் நின்றது. மாயமா? மந்திரமா? இல்லை, துரோகம் என்றோம்!

முதலில் கோச்சைச் சந்தேகித்தோம். எதிரணிக் கோச்சோடு சிரித்துக் கதைத்தாராம். சிரித்தது குற்றமா? நமக்குக் குற்றம்! பிறகுதான் அனுஷனின் பெயர் வந்தது. பவர் பிளேயில் வட்டைப் பங்கிட்டுக் கொடுப்பவன் அவன்தானே. அவனைக் கொத்துரொட்டிக் கடையில் எதிர்க்கல்லூரி ஜாக்கெட் போட்ட ஒரு பெடியனோடு கண்டதாகப் பார்த்தசாரதி சொன்னார்.

"சும்மா சொல்லல சார், என் கண்ணால பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே பிளேட்ல சாப்பிட்டாங்க."

ஒரே பிளேட்! அதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்தப் பெடியன் அனுஷனின் பெரியம்மா மகன் என்று எவராவது விசாரித்தோமா? இல்லை. எல்லோரும் தலையாட்டினோம். என் தலையும் ஆடியது. சந்தேகம் என்றால் என் தலைக்கு எண்ணெய் தேவையில்லை.

செய்தி அனுஷனின் காதுக்குப் போயிற்று. அவன் சண்டை பிடிக்கவில்லை. கோச்சிடம் போய், "இவையளுக்கு என்னில நம்பிக்கை வாற வரைக்கும் என்னைப் பவர் பிளேயில போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். கோச்சுக்குத் தமிழ் தெரியாது. அதை ஆங்கிலத்தில் சொன்னான். என் மகள் வந்து என்னிடம் தமிழில் சொன்னாள். அவள் தமிழில் பேசினால் விஷயம் பாரதூரம் என்று அர்த்தம்.

இப்போது கவனியுங்கள்! போன ஞாயிற்றுக்கிழமை அதே அணியோடு ஆட்டம். அனுஷன் வாங்கில். திட்டமும் புதிது, ஆட்டத்தின் நடுவில் கோச் அந்த இடத்திலேயே பலகையில் வரைந்து மாற்றிய திட்டம்; பக்கம் மாறும்போது நாமும் அதை எட்டிப் பார்த்துக்கொண்டோம். ஆனாலும் கோல் விழுந்ததா? இல்லை! நாம் எங்கே கொடுக்கிறோமோ, அந்த உருவம் அங்கே! எனக்குள் சந்தேகம் சடாரென்று எழுந்தது. விற்கிறவன் வாங்கில் இருக்கிறான். சரக்கு எப்படிப் போகிறது?

அந்த நேரம் பார்த்து அண்ணன் ராஜரத்தினம் நடுவரைப் பார்த்து ஒரு முழக்கம் முழங்கினார். சொல்லட்டுமா அண்ணே? சொல்லச் சொல்லித் தலையாட்டுகிறார். "உந்தாள் பிறிஜ்ஜுக்குள்ள வைச்ச விளைமீன் மாதிரி, கண்ணைத் திறந்துகொண்டெல்லோ நித்திரை கொள்ளுது!"

நாம் சிரித்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எதிரணிக் கோல் காப்பாளரின் தோள்கள் இரண்டும் குலுங்கின!

குளிரில் குலுங்கினவோ? சனங்களே, சிரிப்புக்கும் நடுக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? என் பேச்சைக் கேட்பவர்களிடம் இரண்டையும் பார்த்தவன்!

ஆட்டம் முடிந்ததும் பனித்தரையைவிட்டு இறங்கும் வாசலில் அந்த உருவத்தை மறித்தேன். "எக்ஸ்கியூஸ் மீ" என்று என் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை எடுத்தேன். முகமூடி கழன்றது. உள்ளே நம் நிறத்தில் ஒரு பெண் பிள்ளை!

"அங்கிள், தமிழ்லயே பேசுங்க லா. சீசன் முழுக்க நீங்க பேசுன தமிழ்தானே எனக்குக் கோச்சு!"

பெயர் கேத்ரின். ஊர் மலேசியா, கிள்ளான். அணிப் பட்டியலில் பெயரைப் பார்த்து வெள்ளைக்காரி என்று நினைத்திருந்தோம்.

"பிள்ளை, அனுஷன் உமக்கு ஏதும் சொன்னவனோ?"

"அனுஷனா? யாரு அது? உங்க டீம்ல நான் யாருகிட்டயும் பேசுனதே இல்ல அங்கிள். நீங்கதானே பின்னாடி நின்னு கத்துவீங்க. 'அடிக்கிற மாதிரிக் காட்டிப்போட்டு வலப்பக்கம் குடுக்கப் போறான்'னு. நான் வலப்பக்கம் போய்டுவேன். அவ்ளோதான்."

"ஏன் பிள்ளை முந்தியே எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நிறுத்திருவீங்களே அங்கிள்!"

என்ன நியாயம்! என்ன நேர்மை! யார் அங்கே எழும்புவது? தம்பி பார்த்தசாரதியா? சொல்லுங்கோ. "சனிக்கிழமை மாத்திக் கத்தி அவள ஏமாத்தலாம் சார்" என்கிறார். நல்ல யோசனை. அதையும் அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது தம்பி: "அடுத்த மேட்ச்ல நீங்க பொய் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும் லா!" அவளும் நம் இனம், சந்தேகம் இல்லாமலா இருக்கும்?

சபையோரே! இந்த மெல்பேர்னில் தமிழ் எவருக்கும் விளங்காது என்று நினைக்கிறோமே, இது எந்தக் காலத்து நினைப்பு? ரயிலில் பக்கத்தில் இருப்பவரின் தலைமயிரை விமர்சிக்கிறோம். கடையில் காசாளரின் முகத்துக்கு முன்னே கணக்கைக் குறை சொல்கிறோம். பனித்தரையில் நம் பிள்ளைகளின் திட்டத்தை நாமே ஏலம் போட்டோம். விற்றது யார்? கோச்சா? இல்லை! அனுஷனா? இல்லவே இல்லை! என் வாய் விற்றது! உங்கள் வாய் விற்றது! விற்ற வாய்களெல்லாம் கூடி, விற்காத பிள்ளையைக் கள்ளன் என்றன!

அடிப்பதா, அலைக்கழிப்பதா? அதைக் கோச் பார்த்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை பவர் பிளே வரும்போது நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயை மூடுவது. இரண்டு நிமிடம் தமிழர் இத்தனை பேர் வாய் மூடி நிற்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் முயன்று பார்ப்போம். அனுஷன் வட்டை மட்டையில் எடுக்கும்போது, அந்த அமைதியில் அவனுக்கு நம் நம்பிக்கை கேட்கட்டும்!

அண்ணன் ராஜரத்தினம் இப்போது கை உயர்த்தச் சொல்வார். அனுஷனை நிறுத்தக் கேட்பவர்கள் தாராளமாக உயர்த்துங்கள். ஆனால் உயர்த்துமுன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையில் இருப்பவர் அனுஷனின் தாய் யோகராணி. இரண்டு வாரமாகப் பனித்தரைப் பக்கம் வராதவர், இன்று நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று கேட்க வந்திருக்கிறார். அவருக்கு இந்தப் பக்கமும் கதிரை காலி, அந்தப் பக்கமும் கதிரை காலி. மண்டபத்தில் இடமில்லாமல் பலர் சுவரோடு நிற்கிறீர்கள். அந்தக் கதிரைகளில் மட்டும் எவரும் இருக்கவில்லை. அவற்றைக் காலியாக வைத்தவர் யாரென்று நான் துப்பறியத் தேவையில்லை.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், குளிரோடு கேட்ட தாய்மாருக்கும், இடையில் எழும்பிப் போகாத இளையோருக்கும் என் நன்றி. வாக்கெடுப்புக்கு நான் மேடையில் நிற்கப் போவதில்லை. யோகராணி அக்கா, உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில இருக்க வாறன். மற்றக் கதிரைக்கு ஆள் வருமோ என்று பார்ப்போம். வணக்கம்.