ஒரு போல்ட் காணோம்

டிரைவர்: எங்க இருந்துச்சுன்னு சொன்ன?

மெக்கானிக்: தட்டுலதான்.

டிரைவர்: எந்தத் தட்டு?

மெக்கானிக்: அதே தகரத் தட்டுதான் மாப்ள. வாஷருங்களுக்கு நடுவுல சமத்தா உக்காந்திருக்கு.

டிரைவர்: அந்தத் தட்டை எத்தனை தடவை கவுத்துத் தேடியிருப்பேன்... ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேனே.

மெக்கானிக்: நானும்தான் பாத்தேன்.

டிரைவர்: நீ மேலோட்டமா பாத்த. நான் ஒரு வாரமா தரையைத் தடவிக்கிட்டுக் கெடந்தேன். கடை கடையா ஏறி இறங்கினேன், ஒண்ணும் மரை சேரல. கடைசில பாத்தா கண்ணு முன்னாடியே இருந்திருக்கு.

மெக்கானிக்: விடு. கெடைச்சிடுச்சுல்ல.

டிரைவர்: கெடைச்சது சரி. எனக்கு ஏன் தெரியலங்கிறதுதான்...

மெக்கானிக்: வெளிச்சம் பத்தலடா. இந்த ஷெட்டுல பட்டப்பகல்லயே டார்ச் வேணும்.

டிரைவர்: ஆமா... வெளிச்சம்தான்.

மெக்கானிக்: வா, அதை மாட்டு. டென்ஷனர் உக்காந்தா பெல்ட் இறுகிடும். பெல்ட் இறுகினா வண்டி இன்னிக்கே பேசும்.

டிரைவர்: நீ மாட்டு. மெக்கானிக் நீயா நானா?

மெக்கானிக்: எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு.

டிரைவர்: போன வாரம் தோள்பட்டை. அதுக்கு முந்தி கழுத்து. இப்ப இடுப்பு. உன் வலி பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பா இறங்கிக்கிட்டே வருது.

மெக்கானிக்: உன் மூக்குக் கண்ணாடி மட்டும் என்னவாம்? எப்பக் கேட்டாலும் வீட்டுக்குள்ள இருக்கும்.

டிரைவர்: அது... கண்ணாடி போட்டுக் குனிஞ்சா கழண்டு விழுது.

மெக்கானிக்: சரி, போல்ட்டைப் பிடி. நான் வழி சொல்றேன். இன்னும் மேல... மேலன்னா மேல, அது இடது.

டிரைவர்: நீ டார்ச்சை ஆட்டாம பிடி. வெளிச்சம் டான்ஸ் ஆடுது.

மெக்கானிக்: பேட்டரி சரியில்ல.

டிரைவர்: பேட்டரி சரியில்லன்னா மங்கும்டா. ஆடாது.

மெக்கானிக்: ...வலது பக்கம் ஒரு நூல். அங்கதான். திருகு.

டிரைவர்: பிடிச்சிடுச்சு. மரை பிடிச்சிடுச்சு மச்சான்.

மெக்கானிக்: மெதுவா. இறுக்குறதுக்கு முன்னாடி பெல்ட் மாட்டின மேல் சக்கரத்துல கோடு நேரா நிக்குதான்னு பாரு.

டிரைவர்: எந்தக் கோடு?

மெக்கானிக்: தங்கச்சிகிட்ட துணியில கோடு போடுற சாக்பீஸ் வாங்கி, வெள்ளையாப் பட்டையா இழுத்து விட்டிருக்கேன். குருடனுக்குக் கூடத் தெரியும். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா.

டிரைவர்: நானும் ஒண்ணும் சொல்லலியே. நேராத்தான் இருக்கு.

மெக்கானிக்: நல்லாப் பாத்தியா?

டிரைவர்: நீயே ஒரு தடவை பாத்துடேன். ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானே.

மெக்கானிக்: ம்... நேராத்தான் இருக்கு. இறுக்கு.

டெய்லர்: டீ கொண்டு வந்திருக்கேன். ஏங்க, உங்க டம்ளர் வலது கைப் பக்கம், ஸ்டூல் மேல. பாத்து.

டிரைவர்: தெரியுது, தெரியுது.

டெய்லர்: அண்ணா, இது உனக்கு.

மெக்கானிக்: என்ன, பாதி டம்ளர்தான் இருக்கு? பால் தீந்துடுச்சா? கூடப் பிறந்தவனுக்குப் பாதி, கட்டினவனுக்கு முழுசா?

டெய்லர்: குடிச்சிட்டு இன்னொரு பாதி கேளு. எங்கயும் ஓடிடாது. போல்ட் கெடைச்சிடுச்சா?

மெக்கானிக்: தட்டுலயே இருந்துச்சும்மா.

டெய்லர்: அப்படியா. அப்ப இன்னிக்கு ஓடிடுமா?

மெக்கானிக்: ஓடணும். மூணு மாசமா என் முதுகெலும்பை உருவி இதுக்குள்ள மாட்டியிருக்கேன்.

டெய்லர்: சரி, நான் ஒரு தச்ச துணியைக் குடுத்துட்டு வந்துடுறேன்.

டிரைவர்: பாத்தியா, கிளம்பிட்டா. தினம் காலைல இதே கதை. ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம உன் தங்கச்சி தச்ச துணியைத்தான் போட்டுக்கிட்டுத் திரியுறாங்க போல.

மெக்கானிக்: வீடு அவ மெஷின்லதானே ஓடுது.

டிரைவர்: அதான் சொல்ல வந்தேன். மிதிச்சு மிதிச்சு கணுக்கால் வீங்கிக் கெடக்கு. ராத்திரி வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறா. பாக்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. நாளைக்கே சவாரியை ஆரம்பிச்சிடப் போறேன்.

மெக்கானிக்: நாளைக்கா?

டிரைவர்: ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டேன்.

மெக்கானிக்: பிள்ளைங்களையா?

டிரைவர்: ஏன் கத்துற?

மெக்கானிக்: கத்தல. புது வேலை பாத்த எஞ்சின்டா. ஒரு வாரமாவது சும்மா ஓட விட்டு, ஆயில் கசியுதான்னு பாத்து...

டிரைவர்: இதேதான் போன மாசமும் சொன்ன. ரிங் வரட்டும்னு ஒரு வாரம். கேஸ்கட் சரியில்ல, மறுபடி பிரிக்கலாம்னு ஒரு வாரம். எஞ்சினை உள்ள இறக்கி மாட்டினதுக்கப்புறம், கிளட்சுக்குப் பின்னாடி பேரிங் போட மறந்துட்டேன்னு மறுபடி செயின் பிளாக் கட்டித் தூக்க வச்ச. இத்தனை வருஷ சர்வீஸ்ல நீ பேரிங் போட மறந்து நான் பாத்ததில்ல.

மெக்கானிக்: வயசாகுதுல்ல.

டிரைவர்: உன் தங்கச்சியை எனக்குக் கட்டிக் குடுக்குறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்த.

மெக்கானிக்: தங்கச்சியை ஏன்டா இழுக்குற? டீயைக் குடிச்சதும் உனக்கு நாக்கு நீளுது. போய் சாவியைப் போடு.

டிரைவர்: போடட்டுமா?

மெக்கானிக்: போடு.

டிரைவர்: ...எடுக்கல.

மெக்கானிக்: பெட்ரோல் ஏற வேண்டாமா? இன்னொரு தடவை. விடாத, விடாத, பிடி...

டிரைவர்: மச்சான்...

மெக்கானிக்: பேசாத. கேளு.

டிரைவர்: ஓடுதுடா.

மெக்கானிக்: ஓடுது.

டிரைவர்: பூனை மாதிரி உறுமுது. இறங்கி வந்து கேக்குறேன் இரு... ஒரு தட்டு இல்ல, ஒரு இழுப்பு இல்ல. உன் கை உன் கைதான்.

மெக்கானிக்: எல்லாத்தையும் இறுக்கினது உன் கைடா.

டிரைவர்: சரி, ஏறு. ஒரு சுத்து போய்ட்டு வா.

மெக்கானிக்: நானா? வண்டி உன்னுது. முதல் சுத்து நீதான் போகணும்.

டிரைவர்: எஞ்சின் கட்டினவன்தான் ஓட்டிப் பாக்கணும். கியர் எப்படி விழுதுன்னு உனக்குத்தான் தெரியும்.

மெக்கானிக்: எனக்குத்தான் இடுப்பு பிடிச்சிருக்கே.

டிரைவர்: என்கிட்ட கண்ணாடி இல்ல.

மெக்கானிக்: போய் எடுத்துட்டு வா.

டிரைவர்: எடுத்துட்டு வந்தா மட்டும்...

மெக்கானிக்: வந்தா மட்டும்? உக்காரு. அந்த டயர் மேல உக்காரு. ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. பழைய எஞ்சினைப் பிரிச்ச அன்னிக்கு, பிளாக்குல விரிசல் விட்டிருக்குன்னு காட்டினேன்ல?

டிரைவர்: ஆமா. ரெண்டாவது சிலிண்டர் ஓரத்துல.

மெக்கானிக்: நீ என்ன சொன்ன?

டிரைவர்: ஆமா, முடி மாதிரி ஓடுதுன்னேன்.

மெக்கானிக்: அங்க விரிசலே இல்ல மாப்ள.

டிரைவர்: என்னது?

மெக்கானிக்: கொஞ்ச நாளா நீ வண்டியை கேட்டுல உரசுற, சட்டை பட்டனை மாத்திப் போடுற. சந்தேகமா இருந்துச்சு. அதான் சும்மா ஒரு இடத்துல விரலை வச்சேன். எங்கடா இருக்கு, உனக்குக் கிறுக்கான்னு திட்டுவன்னு நெனச்சேன். நீ குனிஞ்ச. நல்லாப் பாத்த. ஆமா, முடி மாதிரி ஓடுதுன்ன. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. டாக்டர்கிட்ட போனியா? என்னதான்டா சொன்னாரு?

டிரைவர்: இடது கண்ணு அவ்வளவுதானாம். வலது கண்ணுலயும் ஓரம் தெரியல. நேராப் பாத்தா பாதி ஆள் தெரியுறான், பாதி தெரியல. ரோட்டுக்கு வண்டியை எடுக்கவே கூடாதுன்னுட்டாரு.

மெக்கானிக்: இதை மனசுல வச்சுக்கிட்டு பிள்ளைங்களை ஏத்துறேன்ன.

டிரைவர்: சொன்னதுல இருந்து தூக்கம் இல்லடா. ஓட்டவும் பயமா இருக்கு, ஓட்டாம இருக்கவும் பயமா இருக்கு. வேற என்ன தெரியும் எனக்கு? ஸ்டீரிங்கை விட்டா நான் யாரு? இரு. அப்ப அந்தப் பழைய எஞ்சின்?

மெக்கானிக்: அதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு. அதோ, தார்ப்பாய்க்கு அடியில.

டிரைவர்: நல்லா இருந்த எஞ்சினைத் தூக்கிக் கீழ வச்சிட்டு, காயலான் கடைல எவனோ போட்டுட்டுப் போனதைக் கொண்டு வந்து, பிரிச்சு, கழுவி, ரிங் மாத்தி, மூணு தடவை ஏத்தி இறக்கி...

மெக்கானிக்: அந்த மூணு மாசமும் நீ ரோட்டுக்குப் போகல. எனக்கு அது போதும். இன்னும் எதையாவது மறந்து தொலைக்கலாம்னு பாத்தேன், மறக்குறதுக்கு உறுப்பே மிச்சம் இல்ல.

டிரைவர்: எனக்குச் சிரிப்பு வருதுடா.

மெக்கானிக்: எதுக்கு?

டிரைவர்: எஞ்சின் தட்டுது, என்னன்னு பாருன்னு உன்கிட்ட வந்து நின்னேன்ல. அது தட்டவே இல்ல.

மெக்கானிக்: தெரியும்.

டிரைவர்: தெரிஞ்சேதான் தலையாட்டினியா?

மெக்கானிக்: ஒர்க்‌ஷாப்ல என்னை வீட்டுக்கு அனுப்பினதுல இருந்து ஒருத்தன் ஒரு சைக்கிளைக் கூட என்கிட்ட கொண்டு வரல. நீ வண்டியோட வந்து நின்ன. இல்லாத சத்தமாவது கேப்போமேன்னு தலையாட்டிட்டேன். ஏன்டா பொய் சொன்ன?

டிரைவர்: நீ நாள் பூரா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. உன் தங்கச்சி வந்து வந்து அழுதா. உன் கை நடுங்குறதை நான் பாத்துத் தெரிஞ்சுக்கல. ஸ்பேனர் விழுற சத்தம் கேக்கும். உடனே நீ, எண்ணெய் வழுக்குதுன்னு சொல்லுவ. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தானே இருக்கு.

மெக்கானிக்: இனி அந்தக் கை அடங்காதாம் மாப்ள. மாத்திரை போட்டும் அடங்கல.

டிரைவர்: தெரியும்டா. அவகிட்ட எப்படிச் சொல்றது?

மெக்கானிக்: நீ சொல்லு. புருஷன் நீ.

டிரைவர்: நீ சொல்லு. அண்ணன் நீ.

டெய்லர்: ரெண்டு பேரும் சொல்ல வேணாம். வண்டிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது, நீங்க இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கீங்க.

டிரைவர்: யார் அழுதா? புகை.

டெய்லர்: கதவை முழுசா திறந்து விடுங்க, புகை போயிடும். அண்ணா, கொஞ்சம் தள்ளு.

மெக்கானிக்: ஏய், எங்க ஏறுற? அது டிரைவர் சீட்டு.

டெய்லர்: தெரிஞ்சுதான் ஏறுறேன்.

டிரைவர்: இந்தா, விளையாடாத, கியர்ல கிடக்கப் போகுது...

டெய்லர்: நியூட்ரல்லதான் இருக்கு. ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கு. பாத்துட்டேன்.

மெக்கானிக்: இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?

டெய்லர்: தினம் காலைல தச்ச துணி குடுக்கப் போனேனே, அங்கதான்.

டிரைவர்: ...டிரைவிங் ஸ்கூலா?

டெய்லர்: மெஷின் மிதிச்ச கால்தானே, கிளட்ச் சீக்கிரம் வந்துடுச்சு. அந்தப் பிள்ளைங்க வீட்டுக்கும் போன் பண்ணிட்டேன். நாளைக்கு இல்ல, நான் நல்லா ஓட்டிப் பழகினதுக்கப்புறம் வரேன்னு. நீங்க என் பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க, ஊர்ல உங்களுக்குத் தெரியாத சந்து இல்ல. அண்ணன் பின்னாடி உக்காந்து எஞ்சின் சத்தத்தைக் கேக்கட்டும்.

டிரைவர்: என் கண்ணு விஷயம் உனக்கு...

டெய்லர்: டீயை டம்ளருக்கு வெளிய ஊத்தின அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.

டிரைவர்: சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா நானே நம்பல. டாக்டர் தப்பாச் சொல்றாருன்னு ஒரு நெனப்பு. இன்னிக்குக் காலைல, அந்த போல்ட் தட்டுலயே இருந்துச்சுன்னு இவன் காட்டினான் பாரு... அப்பதான் மனசு விட்டுப்போச்சு. கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது கூட எனக்குத் தெரியலியே.

டெய்லர்: அது தட்டுல இல்லவே இல்லைங்க. ஒரு வாரமா என் பட்டன் டப்பாவுல இருந்துச்சு, இன்னிக்குக் காலைலதான் தட்டுல போட்டேன். எனக்கு லைசென்ஸ் நேத்துதான் கைக்கு வந்துச்சு.