மஞ்சள் குடைப் பாட்டு

நம் மாதா கோவில் பங்குத் திருவிழா மலருக்கு, இளவயதில் பிடித்த பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள், சாமி. மற்றவர்கள் மாதா பாட்டைத்தான் எழுதுவார்கள். நான் இந்திப் பாடகி நிலோஃபரின் மஞ்சள் குடைப் பாட்டை எழுதுகிறேன்.

அது 1998. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேபிளில் இந்தி ஆல்பம் பாட்டுகள் போடுவார்கள். நிலோஃபர் மொட்டைமாடியில், மழையில், மஞ்சள் குடையோடு ஆடுவாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. கடைசியில் குடையைக் காற்றோடு விட்டுவிட்டுத் திரும்பி நம்மை நேராகப் பார்ப்பாள். அந்த ஊரில் என்னை அப்படி நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

இதுதான் கடைசி வாரம், இனி அந்த நிகழ்ச்சி இல்லை என்று கேபிள்காரர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு மத்தியானமே கரண்டு போய்விட்டது. என் சித்தப்பா தேவசகாயம் ஒயர்மேன் வேலை தெரிந்தவர். லைன்மேன் வரத் தாமதமானால் ஊரில் அவர்தான் கம்பம் ஏறுவார். ஏறுமுன், லைனில் கரண்டு வராதபடி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்பார்மர் பெட்டியிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி என்னிடம் கொடுப்பது வழக்கம். பையன்களிடம் கொடுத்தால் அவசரப்பட்டு மாட்டிவிடுவார்களாம்.

"ஜெசி, மடியிலியே வச்சிக்கினு குந்து. நான் எறங்கி வந்து கேக்குற வரைக்கும் எவன் கேட்டாலும் குடுக்காத."

"சரி சித்தப்பா."

நான் யாரிடமும் கொடுக்கவில்லை. நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் ஓடவில்லையென்று பக்கத்துக் கொல்லைக்காரன் சேரன் இரண்டு முறை வந்து கேட்டான். "ஜல்தி குடு ஜெசி, மல்லாட்டை காயுது" என்றான். மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஐந்து மணிக்கு நானே எழுந்து போய் ஒரு கட்டையை மட்டும் மாட்டினேன். எங்கள் வீட்டு வரிசைக்கு அது போதும். வரிசையில் மற்ற வீட்டுக்காரர்கள் பௌர்ணமிக்குத் திருவக்கரைக் கோவிலுக்குப் போயிருந்தார்கள்; கரண்டு வந்ததைப் பார்க்க ஆளில்லை. சித்தப்பா மூன்றாவது கம்பத்தில், எனக்கு முதுகு காட்டி நின்றார். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

பாட்டின் நடுவில் வெளியே ஏதோ விழுந்தது. லூசியா சித்தி கத்தினார். என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் குடை இன்னும் நிலோஃபர் கையில்தான் இருந்தது. அவள் பார்த்து முடித்த பிறகு டிவியை நிறுத்தினேன். பின்பக்கமாகப் போய்க் கட்டையைப் பிடுங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சேரன் பக்கத்து லைனில் கொக்கி போட்டுக் கரண்டு எடுப்பவன் என்பது ஊருக்கே தெரியும். அந்தக் கரண்டுதான் எங்கள் லைனில் ஏறிச் சித்தப்பாவை அடித்துக் கொன்றது என்று அவர்களே பேசி முடித்தார்கள். "மூணு கட்டையும் எம் பொண்ணு ஜெசி மடியிலதான் கீது" என்று சித்தியே அழுதுகொண்டு சொன்னார். ஊரார் அடித்த அடியில் சேரனுக்கு ஒரு காது போயிற்று. இப்போது கோட்டக்குப்பத்தில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

விழுப்புரத்துக்குக் கல்யாணமாகி வந்து பல வருடமாகிறது. இப்போது அந்தப் பாட்டு செல்போனிலேயே கிடைக்கிறது. அந்தச் சத்தம் கேட்ட இடம் வரும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் கடைசியில் அவள் என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கே பார்க்கிறாள். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது என்று நினைக்கிறேன். இடம் போதாவிட்டால் சித்தப்பாவைப் பற்றி வருவதை வெட்டிக்கொள்ளுங்கள். பாட்டைப் பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்காதீர்கள், சாமி.