போதும்னு சொல்ற ஆளு

வெளிய போற வழி அதுதான் தம்பி, நான் இல்லைங்கல. ஆனா உங்களுக்கு முன்னால இருந்தவரு உள்ள போயிட்டாரு, அடுத்தது நீங்கதான். இப்பப் போயி எழுந்திரிக்கறீங்களே. உக்காருங்க, சும்மா பேசிக்கிட்டிருப்போம். எனக்கும் துணையாச்சு.

ஐயோ, தள்ளியெல்லாம் உக்கார வேணாம். நாற்காலிய எதுக்கு நகத்தறீங்க? ஒட்டாதுன்னு எனக்குத் தெரியாதா? சொரியாசிஸ் புள்ளைய வச்சிருக்கறவ நான். செதில் உதிர்ந்தா உதிரட்டும், சட்டையத் தட்டிக்கிட்டே இருக்காதீங்க. எங்க வீட்ல கறுப்புத் துணி வாங்கறதில்ல, அவ்வளவுதான்.

எனக்கு ரெண்டும் பொண்ணுங்க. ரெட்டை. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சது, அச்சுல வார்த்த மாதிரி இருப்பாங்க. பெரியவ கொஞ்சம் முன்னால பொறந்துட்டா, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் அதிகாரம் பண்றா. கைக்குழந்தையில நானே தடுமாறிப் போவேன். ஒருத்திக்கே ரெண்டு தடவை சோறு ஊட்டிட்டு, இன்னொருத்தி ஏன் அழறான்னு முழிச்சிருக்கேன். சாப்பிட்ட கழுதையும் மறுபடி வாயத் தொறந்து வாங்கிக்கும், காட்டிக் குடுக்காது.

காலேஜ் போற வயசுல சின்னவளுக்கு முழங்கையில ஒரு தடிப்பு வந்துச்சு. அப்புறம் முதுகு, தலை. பெரியவளுக்கு ஒரு பரு கூடக் கெடையாது. ஒரே வயிறு, ஒரே சாப்பாடு, ஒரே சோப்பு. கடவுளே, இது என்ன ஓரவஞ்சனைன்னு நான் கேக்காத நாளில்ல.

அதத்தான் உள்ள இந்த ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மாவும் கேக்கறாங்க. அவங்க கொஞ்சம் வேற மாதிரி கேக்கறாங்க, அவ்வளவுதான். என் பொண்ணுங்கள ஜோடியாப் பாத்தப்ப அவங்க மொகத்தப் பாத்திருக்கணும் நீங்க, புதையல் கெடச்ச மாதிரி.

எனக்குப் படிப்பு எட்டாங்கிளாஸோட சரி. ஆஸ்டல் சமையலறையில வேலை பாக்கறவன்னு தெரிஞ்சு, எனக்குப் புரியற மாதிரியே சொன்னாங்க. ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பெரிய சமையல் புஸ்தகம் இருக்காம். என் பொண்ணுங்களுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே புஸ்தகம். அதுலேருந்து இன்னின்னது செய்யின்னு சீட்டு எழுதி அடுப்படிக்குப் போகுமாம். நடுவுல சின்னச் சின்ன ஆளுங்க நிப்பாங்களாம். சீட்டப் புடிச்சு நிறுத்திருவாங்க, இல்ல கிழிச்சே போட்டுருவாங்க. போதும், இதுக்கு மேல வேணாம்னு சொல்றது அவங்க வேலை. மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. அந்த ஆளுங்கள்ல சில பேரு கூடிப்போயி சில பேரு கொறஞ்சுட்டா, தோலு நிறுத்தத் தெரியாம வளந்துகிட்டே போகுமாம். காயமே இல்லாத எடத்துல காயம்னு நெனச்சு ரத்தம் ஓடி வருமாம், செவந்து போகுமாம். எனக்குச் சட்டுனு புரிஞ்சிருச்சு. எங்க ஆஸ்டல்லயும் போதும்னு சொல்ற சமையல் மேஸ்திரி லீவு போட்ட அன்னிக்குச் சோறு அண்டா அண்டாவா மிஞ்சும்.

இன்னும் கேளுங்க. போதும்னு சொல்ற ஆளு நல்ல ஆளுதானே, அத எம் பொண்ணுக்கு நெறையக் குடு சாமின்னு தெனம் வேண்டிக்கிட்டேன். டாக்டரம்மாகிட்ட அதப் பெருமையா சொன்னா, அவங்க பதறிட்டாங்க. மொத்தமா ஏத்திடாதீங்கம்மா, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு, இந்த நோய் வந்தவங்களுக்குப் பொதுவா இருபத்தொண்ணு ஏற்கெனவே கூடிக் கெடக்கும், நூத்தி இருபத்தஞ்சு பி தான் கொறச்சல்னாங்க. பஸ் நம்பர் மாதிரி இல்ல? இப்பக் கண்ண மூடினா அதான் வருது. சாமி, இருபத்தொண்ணு எறங்கட்டும், நூத்தி இருபத்தஞ்சு பி ஏறட்டும். பக்கத்துல நின்னு கும்பிடறவங்க, இந்தப் பொம்பளை லாட்டரிக்கு வேண்டிக்கறாப் போலன்னு பாக்கறாங்க.

வலிக்குமாவா? மரத்துப் போக ஒரு ஊசி போடுவாங்க, அது சுருக்குங்கும். அப்புறம் பென்சில் கட்டை அளவு வட்டமாத் தோல எடுப்பாங்க, தடிப்புல ஒண்ணு, நல்ல தோலுல ஒண்ணு. ஒரு தையல். பெரியவ போன மாசமே குடுத்துட்டா. மருந்தெல்லாம் ஒடனே வராது தம்பி. வருஷக்கணக்காகும், வராமலும் போகலாம்னு டாக்டரம்மாவே மூடி மறைக்காம சொல்லிட்டாங்க. அந்த நேர்மைக்கே குடுக்கலாம்னு எனக்குத் தோணிச்சு.

சின்னவளா? அவ குடுக்கல. போன தடவ இதே வராண்டாவுல உக்காந்தா, கூப்புடறதுக்குள்ள எழுந்து போயிட்டா. வலிக்குப் பயந்து இல்ல. ஊரு பேரு தெரியாதவங்க முன்னால முதுகக் காட்டணுமேன்னு. உங்களுக்கும் அதுதான்... சரி, சொல்ல வேணாம், விடுங்க. ஆனா அவ குடுக்காட்டி பெரியவ குடுத்தது ஐஸ் பொட்டியில கெடக்க வேண்டியதுதான். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே எது கூட, எது கொறவுன்னு தெரியும். உள்ள டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும் மட்டுந்தான்டி, யாரும் மொகம் சுளிக்கலைன்னு பெரியவ எவ்வளவோ சொல்லிப் பாத்தா. உனக்கென்ன, உன் முதுகு கண்ணாடி, உன்னப் பாத்து எவ சுளிப்பான்னு கேட்டுட்டா சின்னவ.

இன்னிக்கு வந்திருக்கா. வாசல் வரைக்கும் வந்துட்டா. அங்கயே நின்னுட்டா. அப்பத்தான் நீங்க உள்ள நொழஞ்சீங்க, இந்த வெயில்ல முழுக்கைச் சட்டையும் தொப்பியுமா. அம்மா, அவரும் என்னைய மாதிரிதான், அவரு போயிட்டு வந்து பரவாயில்லன்னு சொன்னா நானும் மேல வரேன்னா. அதான் உங்க பின்னாலயே மூச்சு வாங்கப் படியேறி வந்தேன். இல்லாட்டி எனக்கு இங்க என்ன வேலை?

அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரே மூஞ்சியா ரெண்டு பேரு நிக்கறாங்களா? தங்கச்சி பஸ் ஏறிடாம இருக்க, அவ கைப்பையையும் வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கறா பாருங்க, அவதான் பெரியவ.

உங்களத்தான் கூப்புடறாங்க. உங்க பைய இங்கயே வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். முடிச்சு வந்ததும் அந்த ஜன்னலாண்ட நின்னு, எப்படி இருந்துச்சுன்னு அவளுக்கு ஒரு சாடை காட்டிட்டுப் போங்க. வலிச்சிருந்தா வலிச்சதுன்னே காட்டுங்க தம்பி. பொய்யின்னா கீழ இருந்தே கண்டுபுடிச்சிருவா.