சூடானால் நிற்கும்

உங்கள் ஸ்டேஷனில் இந்த மின்விசிறி ஓடும்போது ஒரு பக்கமாகத் தட்டுகிறது. மேலே கிண்ணத்துக்குள் இருக்கிற திருகை ஒரு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும். ஏணி இருந்தால் நானே செய்துவிடுவேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து, "பெரியவரே, ரெண்டு வரி எழுதுங்க போதும். பழைய வண்டி, வழியில நின்னுடுச்சு, யாரும் காரணமில்லன்னு. அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பி வெச்சிடறேன்" என்றீர்கள். இரண்டு வரியில் அடங்காது என்பதால்தான் இன்னும் நாலு தாள் கேட்டு வாங்கினேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினாலு வயதில் பாய்லர் ஆலைக்குள் போனவன். முப்பத்தொன்பது வருடம் வெல்டிங். பேனா பிடித்ததைவிட ராடு பிடித்ததுதான் அதிகம்.

வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரைப் பதினொரு வருடமாகத் தெரியும். கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறார். நாங்கள் டெய்லர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை டாக்டர் என்பார். வண்டிக் கோளாறைக் கண்டுபிடிக்கிறவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். வைத்தவர் எங்களோடு சேர்ந்த மூன்றாவது ஆள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மூன்று பேரிடமும் ஒரே மாதிரிப் பழைய கார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டில் கூடுவோம். மூன்றில் ஏதாவது ஒன்றின் பானெட் திறந்திருக்கும்.

வீட்டில் நான் தனி. மனைவி மகன் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஒத்தாசைக்குப் போனவள். அவனுக்கு இப்போது ஆறு வயது.

எங்களுக்குள் இரண்டு வழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றுவோம், மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். நாலைந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் வண்டி ஓடும், ஆனால் எதனால் நின்றது என்று கடைசிவரை தெரியாது. இன்னொன்று, கோளாறைக் கண்டுபிடித்தவனுக்கே அந்தக் கெட்டுப்போன சாமான். வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். வேறு எதற்கும் ஆகாது, சும்மா ஒரு கெத்து. என் அலமாரியில் முப்பத்தொன்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, என்ன கோளாறு என்று எழுதி வைத்திருக்கிறேன். டிரைவரிடம் இரண்டு. டெய்லரிடம் போன வருடம்வரை ஒன்றுகூட இல்லை.

டெய்லரின் மனைவி என்னை அண்ணே என்பாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. இதய நோய்க்காரி. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் சில ஞாயிறுகளில் ஃப்ளாஸ்கில் டீயோடு அவரோடு வந்து, ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். "அண்ணே, இந்த வண்டியும் நானும் ஏறக்குறைய ஒரே காலத்துல இவர்கிட்ட வந்தோம். அதைத் தினம் தெறந்து பாக்கறாரு. என்னை எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறாரு" என்பாள். டிரைவர் உடனே, "நீயும் நடுரோட்டுல நின்னு பாரும்மா, அப்பக் கேப்பாரு" என்பார். அவள் சிரித்துவிட்டு இருமுவாள்.

போன வருடம் டெய்லர் மாறினார். தையல் மிஷினில் ஊசி கீழே இறங்குகிற நேரமும், கீழே இருக்கிற கொக்கி நூலைப் பிடிக்கிற நேரமும் ஒத்துப்போக வேண்டுமாம், ஒரு மயிரிழை பிசகினாலும் தையல் விடுமாம். எஞ்சினில் டைமிங் என்பதும் அதுதான் என்று ஒருநாள் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. விரல்களும் அப்படி. துணியின் கனத்தைத் தொட்டே சொல்கிற விரல்கள். பாயிண்ட் என்று ஒன்று உண்டு, எஞ்சின் ஓடும்போது திறந்து மூடி நெருப்புப்பொறிக்கு நேரம் சொல்லும். அதன் இடைவெளியை நான் அளவுத்தகடு வைத்துத்தான் பார்ப்பேன். அவர் தகடு வைப்பதற்கு முன்னாலேயே, "கொஞ்சம் அதிகமா இருக்கு டாக்டர்" என்பார். அதிகமாகத்தான் இருக்கும்.

ஒருநாள் என் வண்டியே விட்டுவிட்டு ஓடியது. கார்பரேட்டர் என்றேன். அவர் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துவிட்டு, "கண்டென்சர்னு தோணுது, தப்பா இருந்தா திட்டாதீங்க" என்றார். மூன்று ஞாயிறு கார்பரேட்டரைக் கழற்றி மாட்டினேன். நாலாவது ஞாயிறு, பாயிண்டோடு சேர்ந்த அந்தச் சின்னக் கண்டென்சரை மாற்றினேன். வண்டி பாட்டுப் பாடியது. டிரைவர் கை தட்டி, "டாக்டருக்கே டாக்டர் வந்தாச்சு. இனி நீங்க கம்பவுண்டரு" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். என் வண்டியின் கண்டென்சரைத் துணியில் சுற்றி அவர் எடுத்துப் போனார். வழக்கம் அதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் டிரைவர் தன் வண்டிக்கு என்னவென்றாலும் அவரைத்தான் கேட்டார். டெய்லர் வண்டியோ நிற்பதே இல்லை. நிற்காத வண்டியை ஷெட்டுக்கு எதற்குக் கொண்டுவர வேண்டும். ஒரு ஞாயிறு வரவில்லை. போன் செய்தேன். "அவளைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறேன் டாக்டர். வண்டிதான் தங்கமா ஓடுதே" என்றார். அடுத்த ஞாயிறும் வரவில்லை. டிரைவரும் வரவில்லை. ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுவிய ஸ்பானர்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

என் அலமாரியில் ஒரு காயில் இருந்தது. இப்போது அந்த இடம் காலி, என் வண்டியின் கருவிப் பெட்டியில் கிடப்பது அதுதான். காயில் என்பது கைக்கு அடக்கமான டப்பா. பேட்டரியின் சின்ன மின்சாரத்தைப் பிளக்குக்கு வேண்டிய பெரிய மின்சாரமாக்கித் தரும். இது குளிர்ந்திருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சூடேறினால் உள்ளே கம்பி விட்டுப்போகும், வண்டி நின்றுவிடும். ஆறினால் தானாகவே சேர்ந்துகொள்ளும், வண்டி கிளம்பிவிடும். சீட்டில் "சூடானால் நிற்கும்" என்று எழுதியிருக்கிறேன். என் வண்டியில் இருந்தபோது இருபத்திரண்டு நிமிடத்தில் நின்றது. ஆற ஏறக்குறைய கால் மணி. இதைவிடக் கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறு எங்கள் வண்டியில் கிடையாது. நான் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று.

அடுத்த முறை டெய்லர் வந்தபோது, அவரும் டிரைவரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வண்டியில் இருந்த காயிலைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். இரண்டு போல்ட், மூன்று ஒயர். நாலு நிமிட வேலை. புதிதாகத் தெரியக்கூடாது என்று கொஞ்சம் கிரீஸும் தூசியும் தேய்த்தேன்.

அதற்கப்புறம், வண்டி வழியில் நிற்கிறது என்று ஆறு ஞாயிறு தவறாமல் வந்தார். பெட்ரோல் ஃபில்டர், பம்ப், கண்டென்சர், பிளக் என்று வாரம் ஒன்றாக மாற்றினோம். காயிலை மீட்டர் வைத்து அவர் கண் எதிரேயே பார்த்து, "இது நல்லா இருக்கு" என்றேன். அளவு நன்றாகத்தான் காட்டியது, பொய் இல்லை. ஷெட்டுக்குள் வண்டியை ரொம்ப நேரம் ஓடவிட்டால் புகை சேரும் என்று பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவேன். ஐந்தாவது ஞாயிறு அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னமோ கத்துக்கிட்டேன்னு நெனச்சேன் டாக்டர். ஒரு மண்ணும் தெரியல எனக்கு" என்றார். "போகப் போக வரும்" என்று தட்டிக் கொடுத்தேன். மனதுக்கு இதமாக இருந்தது. ஏழாவது ஞாயிறு நான் கண்டுபிடிப்பதாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர் வீட்டிலிருந்து இதய ஆஸ்பத்திரிக்கு முப்பது நிமிடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளை அழைத்துப் போகிறார் என்று தெரியும். அந்த முறைக்கு உரியது போய் வந்தாகிவிட்டது என்று மாட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொண்டேன். நோய் தேதி பார்த்து வராது என்பதை யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டு விட்டிருக்கலாம். இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் மூன்றே காலுக்குப் போன் வந்தது. "டாக்டர், அவளுக்கு நெஞ்சு வலி. ஆட்டோ கிடைக்கல, நம்ம வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன், வழியில நின்னுடுச்சு. என்ன பண்றது சொல்லுங்க." பாலத்தைத் தாண்டி நிற்கிறேன் என்றார். இருபத்திரண்டு நிமிடம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈரத்துணியைக் காயிலில் சுற்றச் சொன்னால் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் கிளம்பியிருக்கும். சொல்லியிருந்தால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார், மறுநாள் கேட்டிருப்பார்: இது தெரிந்தவர் ஆறு வாரம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று. கெட்டிக்காரர், கண்டிப்பாகக் கேட்பார்.

"பதட்டப்படாதீங்க. ஒவ்வொண்ணா பாப்போம். பெட்ரோல் வருதா பாருங்க" என்றேன். வருகிறது என்றார். பிளக் ஒயரைப் பார்க்கச் சொன்னேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைக்கச் சொன்னேன். பேட்டரி முனையை அசைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். எங்கள் வழக்கப்படி ஒரு நேரத்தில் ஒன்று. நடுவில், "ஏதாவது வண்டிய கை காட்டி நிறுத்தட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம் இருங்க, கிளம்பிடும்" என்றேன். பின்னால் அவள் குரல் கேட்டது. "அண்ணன் சொன்னாச் சரியா இருக்கும். சொல்றதைக் கேளுங்க." அதற்கப்புறம் அவள் குரல் கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் காயில் ஆறியது. எஞ்சின் பிடித்ததும் அவர் போனில் கத்தினார், "கிளம்பிடுச்சு டாக்டர், கிளம்பிடுச்சு." மெதுவாகப் பார்த்துப் போங்கள் என்றேன். போன் பதினேழு நிமிடம் பேசியதாகக் காட்டியது. ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்களாம்.

ஒரு மாதம் கழித்து வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "எதனால நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அவர் கைகழுவப் போனபோது என் காயிலைக் கழற்றிவிட்டு, அவருடைய பழைய காயிலையே மாட்டினேன். அவர் திரும்பி வருவதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்தேன். பாயிண்ட் இருப்பது அதற்குள்தான், அவர் வைத்தது. தகடு வைத்துப் பார்த்தேன். ஒரு துளி அதிகமும் இல்லை, ஒரு துளி குறைவும் இல்லை. என் கையால் அப்படி வைத்ததில்லை. திருகு கல்லாட்டம் இறுகியிருந்தது.

"இதை யார் வெச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் டாக்டர். ஏன்?"

"திருகு லூஸா இருக்கு. இடைவெளி மூடிக்கிச்சு."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் கையாலதான்" என்றார். நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திரும்ப மாட்டினேன்.

அன்றிலிருந்து நாலு மாதமாக ஒரு ஞாயிறு தவறுவதில்லை. காலை எட்டு மணிக்கு வந்துவிடுவார். எந்தச் சாமானையும் தொடமாட்டார். நான் கேட்கிற ஸ்பானரை எடுத்துத் தருவார், அதிலும் எத்தனாம் நம்பர் என்று இருமுறை கேட்டுக்கொள்வார். பகலில் என்னோடு சாப்பிட்டுவிட்டுச் சாயந்தரம் போவார். டிரைவர் வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் தெருவில் பார்த்தபோது, "அந்த மனுஷனைப் பாக்க முடியல டாக்டர், நீங்க எப்படிப் பாக்கறீங்க?" என்றார். எனக்குச் சிரமமாக இல்லை.

இப்போது டெய்லர் உங்களிடம் வந்து, தான் வைத்த பாயிண்ட் நழுவியதால் வண்டி நின்று மனைவி இறந்தாள், தன் மேல் கேஸ் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் கீழே, கோளாறைப் பரிசோதித்தவர் என்று என் பெயரும் இருக்கிறது. அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாயிண்ட் மூடிக்கொண்ட வண்டி இருபத்திரண்டு நிமிடம் சுகமாக ஓடி, நின்று, கால் மணியில் தானாகக் கிளம்பாது. வண்டி தெரிந்த எவன் படித்தாலும் இதைக் கண்டுபிடித்தவன் யார் என்று சிரிப்பான். முப்பத்தொன்பது வருடத்தில் தவறான வேலைக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆகவே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு காயிலில். அதை மாட்டியது நான். எத்தனை நிமிடத்தில் நிற்கும் என்று தெரிந்தே மாட்டினேன். அவள் வண்டிக்குள் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும், எப்படிக் கிளப்புவது என்று தெரிந்துகொண்டே, பதினேழு நிமிடம் அவரைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். வேறு வண்டியை நிறுத்தவிடாமல் செய்ததும் நான்தான். இதைக் கொலை என்று எழுதுவீர்களோ வேறு என்னவென்று எழுதுவீர்களோ, அது உங்கள் வேலை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வைத்த பாயிண்டில் தப்பில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லாமல் விடுங்கள். தெரிந்தால் ஷெட்டுக்கு வரமாட்டார். பாவம், அவர் தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்து என்ன செய்வார்.