காலியாக இருந்த கொக்கி

— மறுபடியும் போச்சா? அம்மா தாயே, மறுபடியும் அதே பத்தாவது கேள்வியா?

— ஆமாண்ணே.

— ஒன்பதையும் டாண் டாண்ணு போட்டிருக்கே. பத்தாவதுல மட்டும் என்ன வந்துச்சு? கண்ணு தெரியலையா, கை நடுங்குதா?

— ரெண்டும் நல்லாத்தாண்ணே இருக்கு.

— நீங்கள் தேர்ச்சி பெறவில்லை. பாடத்தை மீண்டும் கவனமாகப் பார்த்துவிட்டு முயற்சி செய்யவும்.

— கேட்டுக்கோ. கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துக்கிட்டு மேனேஜரே திட்டறாரு.

— அது மேனேஜர் குரலாண்ணே?

— பின்ன? கணீர்னு இருக்குன்னு பாடம் மொத்தத்தையும் அவரையே பேச வெச்சாங்க. இப்பத்தான் மேனேஜர். இந்தப் பாடத்துல வர்ற தொட்டி விபத்து நடந்தப்போ ஷிப்டு பொறுப்பாளர். அன்னிக்கு அவர் ஷிப்டுதான்.

— தெரியும்ண்ணே.

— தெரியுமா? எல்லாம் தெரியுது, பதில் மட்டும் தெரியல. இங்க பாரு, நான் இந்தப் பயிற்சி ரூமுக்கு வந்ததுலருந்து எத்தனையோ பேரைத் தேத்தி அனுப்பியிருக்கேன். எல்லாரும் என்ன பண்ணுவாங்க? வீடியோவை ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போவாங்க. வந்து பக்கத்துல இருக்கறவனை எட்டிப் பாத்து அழுத்துவாங்க. பாஸ். நீ என்னடான்னா நிறுத்தி நிறுத்திப் பாக்கறே, திருப்பித் திருப்பிக் கேக்கறே, எழுதி வேற வெச்சுக்கறே. தூங்கினவன் தேறிட்டான், விழுந்து விழுந்து படிச்சவ நிக்கறா. இதை எங்க போய்ச் சொல்ல?

— படிச்சதனாலதாண்ணே நிக்கறேன்.

— வியாக்கியானம் வேண்டாம். இன்னிக்குத் தேறலைன்னா நாளைக்கு உன்னை கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. சரி, பூட்டு எதுக்கு? சொல்லு.

— சோப்புத்தூள் கலக்கற தொட்டியைக் கழுவணும்னா உள்ள இறங்கணும். இறங்கறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சு, அது மேல நம்ம பேர் போட்ட பூட்டை நாமளே பூட்டணும். சாவி நம்ம பாக்கெட்ல. வெளிய எவன் நினைச்சாலும் மிஷின் ஓடாது. வேலை முடிஞ்சதும் பூட்டு அவங்கவங்க கொக்கிக்குத் திரும்பணும்.

— அட்டகாசம்! நான்கூட இவ்ளோ அழகா சொன்னதில்ல. அப்புறம் ஏம்மா இந்தக் கழுதைக் கேள்வியில விழறே? மறுபடியும் போடு.

— கேள்வி பத்து. கலவைத் தொட்டி விபத்துக்குக் காரணம் என்ன? அ. தொழிலாளி தன் பூட்டைப் போட மறந்தது. ஆ. இயந்திரக் கோளாறு. இ. வேறொருவரின் தவறு. பதிலைத் தேர்ந்தெடுக்கவும்.

— 'அ'. ஒரே ஒரு அழுத்து. அழுத்திட்டு வா, டீ வாங்கித் தரேன்.

— உங்களை முதல் நாள் கேன்டீன்ல பாத்தப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுண்ணே.

— பேச்சை மாத்தறே. சரி, எல்லாருக்கும் அப்படித்தான். வீடியோல செத்தவன் எதிர்ல உக்காந்து டீயை உறிஞ்சிக்கிட்டிருந்தா பயம் வராதா? ஒருத்தன் தட்டைப் போட்டுட்டே ஓடினான். அதுலருந்து எனக்குப் பேரே 'காலஞ்சென்றவர்'. 'காலஞ்சென்றவரே, டீ ஆறுது'ம்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன். வீட்டுக்காரி மட்டும் சிரிக்க மாட்டா.

— ஏன்?

— தூக்கத்துல நான் பாக்கெட்டைத் தடவறேனாம். 'சாவி எங்க, சாவி எங்க'ன்னு. விடு, அதெல்லாம் உனக்கெதுக்கு.

— அந்த வேஷத்துக்கு உங்களை ஏன் எடுத்தாங்க?

— நிஜமா செத்தவரோட உசரம், அவர் உடம்புவாகு. புதுசா தைக்க நேரமில்லைன்னு அவர் அலமாரியில தொங்கின சட்டையையே குடுத்தாங்க. போட்டுக்கிட்டேன், அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. அதான் எனக்குப் பிடிக்கல.

— விசிலடிச்சுக்கிட்டே தொட்டிக்குப் போறீங்களே. அதுவும் அவங்க சொன்னதா?

— 'அலட்சியமா நட, அப்பத்தான் பாக்கறவனுக்கு உறைக்கும்'னாங்க. அலட்சியம்னா என்ன பண்றது? விசிலடிச்சேன்.

— அவருக்கு விசிலே வராதுண்ணே. காத்துதான் வரும்.

— யாருக்கு?

— அந்தச் சட்டையில இடது கைகிட்ட தையல் பிரிஞ்சு, பச்சை நூல்ல ஒட்டுத் தையல் போட்டிருக்கும்.

— ஆமா, பச்சை நூலு! வீடியோல அவ்ளோ கிட்டவா தெரியுது?

— தெரியாதுண்ணே. தைச்சது எங்கம்மா.

— பதில் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பதிலைத் தேர்ந்தெடுக்கவும்.

— இரு, இரு. நீ... அவரு பொண்ணா?

— ஆமா.

— பேருக்கு முன்னாடி எழுத்து வேறயா இருக்கே!

— அம்மாவோட எழுத்து. அப்பா எழுத்தைப் போட்டிருந்தா வாசலோட அனுப்பியிருப்பாங்க.

— அடிப் பாவிப் பொண்ணே. உலகத்துல வேற வேலையா கிடைக்கல? இங்கயா வருவே?

— அந்த வீடியோவைப் பாக்கணும்ணே. வெளியாளுக்குக் காட்ட மாட்டோம், வேலைக்குச் சேந்தவங்களுக்கு மட்டும்தான்னாங்க. சேந்துட்டேன்.

— பாத்து என்ன ஆகப் போகுது? செத்தவரு திரும்பி வரவா போறாரு? அவரை எனக்கும் பிடிக்கும்மா. பூட்டைப் போட்டுட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாப்பாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம், 'பீரோவைப் பூட்டிட்டு ஊருக்குப் போறீங்களா'ன்னு. அப்படிப்பட்ட மனுசன் அன்னிக்கு எப்படி மறந்தாரோ.

— அம்மாகிட்ட கேட்டா சொல்லுவாங்க, எப்படி மறந்தாருன்னு.

— உங்கம்மாவுக்கு என்ன தெரியும்?

— அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. பெரிசா ஒண்ணுமில்ல. குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றதுன்னு. கோவத்துல அம்மா, 'எங்கயோ போங்க, எனக்கென்ன'ன்னுட்டாங்க. அப்பா பதில் பேசாம கிளம்பிட்டாரு. சாயங்காலம் ஆள் வந்து சொன்னாங்க, பூட்டு போட மறந்துட்டாருன்னு.

— அய்யோ.

— அன்னிலருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சுதாண்ணே. 'நான் மனசைக் கெடுத்து அனுப்பினேன், அந்த நெனப்புல மறந்துட்டாரு, நான்தான் கொன்னுட்டேன்.' அதுக்கப்புறம் எங்கம்மா யார்கிட்டயும் சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசினதில்ல. பால்காரன் தண்ணியைக் கலந்து ஊத்தினாக்கூட 'சரிப்பா'தான். எனக்கு எங்கம்மா திட்டணும்ணே. பழைய மாதிரி என்னைக் கத்தித் திட்டணும்.

— அதனாலதான் 'அ' அழுத்த மாட்டேங்கறியா? இது சும்மா ஒரு பரிட்சைம்மா. அழுத்தினா உங்கப்பா பேரு கெட்டுடாது.

— தோத்தாத்தான் உங்களைத் தனியா பக்கத்துல உக்கார வெப்பாங்க. அதுக்காகவும்தான் தோத்தேன்.

— என்னையா? நான் வெறும் நடிகன். செத்த மாதிரி படுத்தவன்.

— அந்தக் காட்சியைப் போடறேன், பாருங்க. இங்க. நிறுத்திட்டேன். உங்க தோளுக்குப் பின்னாடி என்ன இருக்கு?

— பூட்டு மாட்டற பலகை.

— வீடியோ எடுத்த அன்னிக்கு எந்தத் தொட்டியையும் யாரும் கழுவல. எல்லாப் பூட்டும் கொக்கியில தொங்குது. ஒண்ணைத் தவிர. யாரோட கொக்கிண்ணே அது?

— எதுக்கும்மா கேக்கறே, தெரிஞ்சுக்கிட்டே.

— பூட்டை எடுக்கவே மறந்துட்டாருன்னா, அது அந்தக் கொக்கியிலதானே தொங்கணும்?

— விசாரணைக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க. எங்கயாவது விழுந்திருக்கும். எனக்கென்ன தெரியும்!

— இப்போ கொஞ்சம் ஓட விடறேன். தொட்டிக்கு ஏறறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை திரும்பி அந்தக் கொக்கியைப் பாக்கறீங்க. விசில் நின்னு போகுது. அது நடிப்பு இல்லண்ணே.

— பதில் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பதிலைத் தேர்ந்தெடுக்கவும்.

— அந்தச் சனியனை நிறுத்து! ... ஆமா, பாத்தேன். பாத்துட்டுத்தான் ஏறினேன். யார்கிட்டயும் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்மா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே.

— நாலாவது பாடம் ஞாபகம் இருக்காண்ணே?

— பூட்டை வெட்டறது பத்தின பாடம். ஒருத்தன் பூட்டைப் போட்டுட்டு மறதியில வீட்டுக்குப் போயிட்டா, மிஷினை ஓட்டணும்னா வெட்டித்தான் எடுக்கணும்.

— யார் வெட்டலாம்?

— ஷிப்டு பொறுப்பாளர் மட்டும்தான். வெட்டற கட்டர் கண்ணாடிப் பெட்டியில இருக்கும், அதோட சாவி அவர் இடுப்புல. வேற யாரும் தொட முடியாது.

— வெட்டறதுக்கு முன்னாடி?

— 'பூட்டின ஆள் எங்க இருக்கார்னு கண்ணால பாக்கணும்.'

— மொத்தப் பாடத்துலயும் மேனேஜர் கணீர்னு பேசறாரு. அந்த ஒரு வரியில மட்டும் குரல் கம்முது. காதுல மாட்டிக்கிட்டுத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல எச்சில் முழுங்கறாரு.

— அந்த வரியை அவரால பேசவே முடியல. மறுபடி மறுபடி எடுத்தாங்க. தொண்டை கட்டிக்கிச்சுன்னாரு. நான் சுக்குத் தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன்.

— அண்ணே, இதைக் கொஞ்சம் கையில வாங்கிப் பாருங்க.

— என்ன இது, துணியில சுத்தி... பூட்டா? இது உங்கப்பா பூட்டு. அடியில பேரு கீறியிருக்கே. இது எப்படி உன்கிட்ட?

— அப்பாவோட சாமானையெல்லாம் ஒரு கவர்ல போட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க. சீப்பு, கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, இது. ஆபீஸ்ல கவர் கட்டினவங்க இந்தப் பயிற்சியெல்லாம் எடுத்ததில்ல போல. பேர் இருக்கு, அவரோடதுதானேன்னு போட்டுட்டாங்க. அம்மா இதைக் கையில வெச்சுக்கிட்டு, 'இதைப் போடாம போயிட்டீங்களே'ன்னு அழுவாங்க. எங்களுக்கென்ன தெரியும்? உடைஞ்ச பூட்டுன்னு நினைச்சோம். நாலாவது பாடத்துல இதே மாதிரி ஒரு பூட்டோட படத்தைப் பாத்தப்பத்தான்...

— உடையல. இது வெட்டினது. வளையத்துல ரெண்டு பக்கமும் கட்டர் பல் பதிஞ்சிருக்கு பாரு.

— கொக்கியில தொங்கற பூட்டை யாரும் வெட்ட மாட்டாங்கள்ல?

— மாட்டாங்க. பூட்டியிருந்தாத்தான் வெட்டணும். கடவுளே... பூட்டியிருக்காரும்மா. உங்கப்பா பூட்டிட்டு, இழுத்துப் பாத்துட்டுத்தான் உள்ள போயிருக்காரு. அவர் உள்ள இருக்கறப்போ... நான் அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு விசிலடிச்சேனே!

— பூட்டைக் குடுங்கண்ணே, கீழ போட்டுடாதீங்க.

— இந்தா. பத்திரமா வை. யார் கேட்டாலும் குடுக்காதே. நான் கேட்டாலும் குடுக்காதே. உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?

— நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க. உள்ள வேலை பாக்கறவங்க யாராவது சொல்லணும். அதுக்குத்தாண்ணே இவ்ளோ நாளா தோத்துக்கிட்டிருக்கேன்.

— போன் போடு.

— இப்பவா? இங்கருந்தா? யாராவது கேட்டா உங்க வேலை...

— காலஞ்சென்றவனுக்கு என்னடி வேலை? போடு. ஸ்பீக்கர்ல போடு.

— அலோ, என்னம்மா? சாப்பிட்டியா? பரிட்சை என்னாச்சு? தேறலைன்னாலும் பரவால்லம்மா, வீட்டுக்கு வந்துடு.

— அம்மா, இங்க ஒரு அண்ணன் பேசணும்கறாரு.

— அக்கா, வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரரோட வேலை பாத்தவன். ஒரே ஒரு விஷயம் சொல்லணும், கேப்பீங்களா?

— சொல்லுங்க தம்பி.

— அவர் மறக்கலக்கா. பூட்டைப் போட்டுட்டுத்தான் உள்ள போனாரு. உங்க பொண்ணு கையில இருக்கே அந்தப் பூட்டு, அது சுவிட்சு மேல பூட்டியிருந்தது. பூட்டியிருந்ததைத்தான் வெட்டியிருக்காங்க. நீங்க சண்டை போட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஒரு சம்பந்தமும் இல்லக்கா.

— அம்மா? அம்மா, இருக்கியா?

— மறக்கலியா? நிஜமாவா தம்பி? என் மேல கோவமா போனாரே...

— கோவமா போயிருக்கலாம். வேலையில அவர் கை தப்பாது. எனக்குத் தெரியும்.

— அப்போ... அப்போ வெட்டினது யாரு?

— அம்மா, மெதுவா பேசும்மா.

— ஏன்டி மெதுவா பேசணும்? இத்தனை வருசம் மெதுவா பேசினது போதாதா? தம்பி, உள்ள மனுசன் இருக்கறப்போ வெட்டினது எவன்?

— பதில் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பதிலைத் தேர்ந்தெடுக்கவும்.

— யாரு அது? பக்கத்துல யாரோ பேசறாங்களே, யாரு தம்பி அது?

— நீங்க எவன்னு கேட்டீங்களே, அவன் குரல்தான்க்கா அது.