தளத்தை மூடித் திருத்திய கேதீஸ்வரி மிஸ்ஸுக்கு

புரதத்தில் வெல்லம் பொருந்தும் இடம் தேடிப் பொழுதெல்லாம் போக்கியவரே, எண்ணிலும் எழுத்திலும் எங்களை விழித்திருக்கப் பழக்கிய எங்கள் மதிப்புக்குரிய மிஸ்ஸே, உயிர் இரசாயன ஆய்வுகூடத்தார் எல்லோருடைய வணக்கமும் உங்களுக்கு.

நம் உடலின் புரதங்கள் பலவற்றில் வெல்லம் எனப்படும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாக ஒட்டியிருக்கும். எந்தப் புரதத்தில், எத்தனையாவது அமினோ அமிலத்தில், எந்தச் சங்கிலி, நிறுவியவர் யார் என்று உலகத்துக் கட்டுரைகளை வாசித்து, யாரும் தேடிப் பார்க்கும் இணையத் தரவுத்தளமாக அடுக்கினீர்கள். பக்கத்துக் கூடத்தார் "சீனி மிஸ்" என்று பகிடி பண்ணினால், "ஓம், தேத்தண்ணிக்குப் போடேலாத சீனி" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள்.

நிதி தரும் மதிப்பீட்டாளர்கள் வரவிருந்த கிழமையில்தான் அது நடந்தது. சில புரதங்கள் உருவானபின் அவற்றின் தலைப்பக்கத் துண்டு வெட்டுப்படும். சில கட்டுரைகள் அந்தத் துண்டையும் சேர்த்து அமினோ அமிலங்களை எண்ணும். சில விட்டுவிட்டு எண்ணும். தொடக்கத்தில் நீங்கள் அந்த வித்தியாசம் பாராமல் எண்களை அப்படியே ஏற்றியிருந்தீர்கள். ஏராளமான பதிவுகளில் வெல்லம் இடம் மாறி நின்றது. கண்டுபிடித்தவரும் நீங்களேதான். அன்றைக்கே தளத்தை மூடச் சொன்னீர்கள்.

எங்களில் ஒருவனான லெனாட் கெஞ்சினான். "மிஸ், மதிப்பிட வாறவை வந்து போகட்டும். அடுத்த கிழமை ஆறுதலாத் திருத்துவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. எங்கையோ ஒரு பிள்ளை இந்த எண்ணை நம்பித் தன்ரை ஆய்வைத் தொடங்கும். அதுக்கு நான் என்ன சொல்லுறது, தம்பி?"

"கொடியேறினாப் பிறகு தேரைக் கழட்டுறா," என்று எங்கள் நிவேதனா முணுமுணுத்தது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் மூடத்தான் செய்தீர்கள்.

பயந்தது நடந்தது. மூடிய தளத்தை மதிப்பிட முடியாதென்று வந்தவர்கள் போனார்கள், நிதி நின்றது. நீங்களோ ஒவ்வொரு கட்டுரையையும் மறுபடி திறந்து, வெட்டு எங்கே என்று பார்த்தீர்கள். எங்களையும் பார்க்க வைத்தீர்கள். தளம் திரும்பத் திறந்தபோது, பிழை உங்களுடையது என்று முகப்பிலேயே பெயரோடு எழுதினீர்கள். அதை வாசித்துவிட்டு எத்தனையோ நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளையும் நம்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

போன கிழமை, ஓய்வுபெற்றுப் போகுமுன் மேசையை ஒதுக்கும்போது கேட்டீர்கள்: "நான் போனாப் பிறகு இதை ஆர் பாக்கிறது? காசுமில்லை, ஆளுமில்லை."

பொறுத்துக்கொள்ளுங்கள், மிஸ். "நாங்கள் பாப்பம்" என்று வாயால் சொல்லத் துணிவில்லாமல் செய்து பார்த்தோம். கணினிப் பகுதியைக் கேட்டுக் கேட்டு அவர்களுடைய சேவர் கணினியில் தளத்துக்கு இடம் வாங்கினோம். புரதங்களை ஆளுக்கு ஆள் பங்கிட்டோம். உங்கள் கண் படாத முதற் பதிவுகள் இன்று காலை தளத்தில் ஏறியிருக்கின்றன. வெட்டைப் பார்த்துத்தான் எண்ணினோம். என்றாலும் திரும்பத் திரும்பத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நோய்நொடி அண்டாமல், கண்பார்வை மங்காமல் நெடுங்காலம் இருங்கள். அச்சுவேலியில் உங்கள் வீட்டில் ஆறுதலாக இருந்து அந்தப் பதிவுகளைப் பாருங்கள். பிழை கண்டால் உடனே போன் எடுங்கள். தளத்தை மூடிவிட்டுத்தான் உங்களோடு கதைப்போம்.

என்றும் உங்கள்,
ஆய்வுகூடத்தார்