ஆறாம் நாளின் குரல்

— நேத்து என்னை வுட்டுட்டு ப்ராக்டிஸ் வெச்சீங்களாமே? நேராச் சொல்லிடு செல்வி. இந்த ராயப்பன் சித்தப்பன் பாட வேணாம்னா, விழுப்புரத்துலயே எறங்கிக்கறேன்.

— விழுப்புரம் தாண்டியாச்சு. மெதுவாப் பேசுங்க சித்தப்பா, பஸ்ஸுல மாதா கோயிலாளுங்க எல்லாரும் பாக்கறாங்க.

— மில்லுல இருவது வருஷம் கத்திப் பேசுன வாயி. மெதுவாலாம் வராது.

— பாட்டு மட்டும் மெதுவா வருது.

— பாத்தியா! அதான் மேட்டரு. ஒரு தாளம் லேட்டுன்னு என்னைக் கழட்டி வுட்டுட்ட.

— ஒரு தாளமா? ‘வெளிச்சமே, வாழ்த்து’ன்னு நாப்பது பேரும் பாடி முடிச்சு, கடலுக்கே போயிட்டோம். நீங்க அப்பத்தான் வெளிச்சம் போடறீங்க!

— அரிசி மில்லு மிஷினு காதைத் தின்னுடுச்சும்மா. பக்கத்துல நிக்கற அந்தோணிசாமி வாயைப் பாத்துத்தான் பாடறேன். அவன் தொறந்தப்புறந்தானே நான் தொறக்க முடியும்?

— இதை ஏன் இத்தினி நாளா சொல்லல?

— சொன்னா வீட்டுல குந்துன்னுடுவ. உங்க சித்தி வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் குடுத்திருக்கா. திண்டிவனத்துல பாடப்போறேன்னு வளவனூர் கடைத்தெரு பூராவும் சொல்லிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திரும்பிப் போவேன்?

— நான் எழுதுன பாட்டுல வரிசையா யாரு யாரு வந்து கடவுளைப் புகழறாங்க, சொல்லுங்க.

— வெளிச்சம், கடலு, மல்லாட்டைச் செடி, சூரியன், பனமலை ஏரிக் கொக்கு, எருமை. எருமைய நீ சேத்தப்ப ஃபாதரு சிரிச்சாரு.

— எருமைக்கு அப்புறம்?

— மனுசன்.

— அவன்தான் கடைசி. உங்களை மாதிரி லேட்டு.

— குத்திக் காட்டாத.

— நேத்து நீங்க மில்லு ஷிப்ட்டுல இருந்தீங்க. அந்தக் கடைசி வரியத்தான் மாத்துனோம். எருமை வரைக்கும் பாடிட்டு, நாப்பது பேரும் வாயை மூடிக்கினு நிப்பாங்க. ஒத்தக் குரல் மட்டும் வரும்.

— அந்தோணிசாமியா?

— நீங்க.

— அய்யய்யோ! யாரு வாயைப் பாத்துப் பாடறது?

— யாரையும் பாக்க வேணாம். உங்களுக்கு எப்பத் தோணுதோ, அப்பப் பாடுங்க. அது வரைக்கும் தாளம் காட்டத் தூக்குன கையை எறக்கமாட்டேன்.

— எருமை முடியற வரைக்கும் நான் இன்னா பண்றது?

— சும்மா நில்லுங்க. நீங்கதான் இன்னும் பொறக்கலையே.

— அடிப்பாவி! சரி, ரொம்ப லேட்டாயிட்டா?

— காத்துக்கினு இருப்போம். ஆறாம் நாளு மனுசனைப் படைக்கறதுக்கு ஆண்டவரே அஞ்சு நாளு காத்துக்கினு இருந்தாரு.

— கை வலிக்குமேம்மா உனக்கு.

— வலிக்கட்டும். சித்தப்பா, கண்ணைத் தொடைங்க. சட்டைக் கஞ்சி போயிடும்.

— தூசி. சரி, ஜல்தி சொல்லு. இன்னா வரி எனக்கு?

— ‘வந்துட்டேன், ஆண்டவரே.’